முடிவுத் திகதி தெரிந்த வேலையிழப்பு

ஏப்ரல் 4 வந்தால் வன்னிப் பெண்களின் படங்கள் பத்திரிகைகளில் வரும். முகக் கவசம், கனத்த பாதுகாப்பு அங்கி, முழந்தாளில் இருந்தபடி மண்ணைத் தடவும் கை. சர்வதேசக் கண்ணிவெடி விழிப்புணர்வு நாளின் வழமையான படம் அது. அன்று மேடைகளில் சொல்லப்படும் பாராட்டுக்கு அந்தப் பெண்கள் முழுக்க முழுக்கத் தகுதியானவர்கள். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. என்னை எழுத வைத்தது, அந்த மேடைகளைச் சுற்றி இப்போது பரவலாகக் கேட்கும் ஒரு நியாயம்: "நாங்கள் ஒருவரையும் வேலையால் நிற்பாட்டவில்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது, அவ்வளவுதான். மிதிவெடி முடிந்தால் மிதிவெடி வேலையும் முடியத்தானே வேண்டும்?"

மல்லாவியில் ஒரு கலந்துரையாடலில் திட்ட அதிகாரி ஒருவர் இதைச் சொன்னபோது மண்டபத்தில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க என்ன இருக்கிறது என்ற நினைப்பு. மிதிவெடி தீர்ந்த நிலம் வேண்டாம் என்று யார்தான் சொல்வார்? ஆனால் அந்தப் பேச்சில் இரண்டு விசயங்கள் ஒன்றாக முடிச்சுப் போடப்பட்டிருக்கின்றன. நிலம் துப்புரவாவது ஒன்று. அதைத் துப்புரவாக்கியவரின் வேலை எந்த உரித்தோடு முடிய வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதன் நன்மையைக் காட்டி இரண்டாவதைக் கேட்காமலே விட்டுவிடுகிறோம். நான் நெடுநாளாக ஆட்சேபித்து வருவது இதைத்தான்.

இந்த வேலைமுறையின் நல்ல பக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். 2009 கடைசியில் செட்டிகுளம் முகாம்களிலிருந்து சனம் திரும்பத் தொடங்கியபோது, முல்லைத்தீவு மாவட்டத்தில் முதலில் மீளக்குடியேறிய பகுதிகளில் துணுக்காய் ஒன்று. வீட்டுக்குக் கூரையில்லை, பட்டியில் மாடில்லை, வவுனிக்குளத்தில் தண்ணீர் இருந்தும் வயலுக்கு விதைநெல் இல்லை. அந்த நேரத்தில் மாதம் முடிய ஒழுங்காகச் சம்பளம் தந்த மிகச் சில வேலைகளில் இது ஒன்று. துணையை இழந்து குடும்பத்தைத் தனியே சுமந்த பெண்களும், புனர்வாழ்வு முடித்து வந்து வேறெந்த வாசலிலும் வேலை கிடைக்காத இளைஞர்களும் இதில்தான் நிமிர்ந்தார்கள். ஹலோ ட்ரஸ்ட், மக் ஆகிய பிரித்தானிய அமைப்புகளும், டாஷ், ஷார்ப் ஆகிய உள்நாட்டு அமைப்புகளும் வன்னிக் கிராமங்களிலிருந்தே ஆள் எடுத்தன. ஊழியர் சேமலாப நிதி, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி, காப்புறுதி என்று கூலிவேலைக்குப் போகிறவர் கண்டிராத பலவும் இந்த வேலையோடு கிடைத்தன. இவை சின்ன விசயங்களல்ல.

காயப்படுகிறவரின் நிலையும் மற்ற வேலைகளோடு பார்க்கையில் மேல். மருத்துவ உதவியாளர் களத்திலேயே நிற்க வேண்டும், ஊழியருக்குக் காப்புறுதி இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் நியமம். 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டமும் 2022இல் திருத்தப்பட்டு, 550,000 ரூபாவாக இருந்த உச்சத் தொகை 20 இலட்சமாக உயர்ந்தது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்தும் அதற்குள் வந்தது. அந்தச் சட்டம் இத்தனை பேர் வேலை செய்யும் இடமாக இருக்க வேண்டும் என்று எல்லை போடுவதில்லை. ஆனாலும் அரிசி ஆலைப் பட்டியில் விரலைக் கொடுத்தவரும் வெட்டு மெசினில் காலைக் கொடுத்தவரும் முதலாளி ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தந்த காசோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருப்பதை அவர்களுக்குச் சொல்ல இங்கே ஆளில்லை. அது தனியாக எழுத வேண்டிய விசயம். மிதிவெடி வேலையில் காயம் ஓரளவு கவனிக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொண்டு மேலே போகிறேன்.

என் வழக்கு ஒப்பந்தத்தின் மேல்தான். இந்தத் துறையின் பொதுவழக்கம், நன்கொடை நாட்டின் நிதிக் காலத்தோடு ஒட்டிய குறித்த கால ஒப்பந்தம். நிதி வந்தால் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், வராவிட்டால் இல்லை. ஆறு மாத வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தம் எழுதுவதில் பிழையில்லை. கட்டடம் கட்டவும் புள்ளிவிபரம் திரட்டவும் அப்படித்தான் ஆள் எடுக்கிறார்கள். ஆனால் ஒரே ஆளை, ஒரே வேலைக்கு, ஒரே மேற்பார்வையின் கீழ், வருடக்கணக்காக ஒப்பந்தத்துக்கு மேல் ஒப்பந்தமாக வைத்திருந்துவிட்டு, கடைசிக் கடதாசியின் திகதியைக் காட்டி "காலம் முடிந்தது" என்பது வேறு. அங்கே ஒப்பந்தம் வேலையின் அளவைச் சொல்லவில்லை. நிறுவனத்தின் பொறுப்பு எங்கே முடிகிறது என்பதை முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறது.

யோகபுரப் பக்கத்து அக்கா ஒருவர் தன் கடதாசிகளை எனக்குக் காட்டினார். சொப்பிங் பைக்குள் சுற்றி, தகரப் பெட்டியின் அடியில் வைத்திருந்தார். ஒப்பந்தங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். ஒவ்வொன்றிலும் தொடங்கும் திகதி, முடியும் திகதி, கீழே அவருடைய கையெழுத்து. சில ஒரு வருடத்துக்கு, சில ஆறு மாதத்துக்கு, ஒன்று இரண்டு மாதச் சொச்சத்துக்கு. இடையிடையே சில கிழமை வெறுமை. அந்தக் கிழமைகளில் வீட்டில் இருந்ததாகவும், பிறகு அதே அணிக்கே கூப்பிட்டதாகவும் சொன்னார். அடியில் சேமலாப நிதியின் பி அட்டை இருந்தது. ஒப்பந்தம் மாறிக்கொண்டே போயிருக்கிறது, உறுப்பினர் இலக்கம் தொடக்கம் முதல் ஒன்றுதான். நிறுவனமே தன் கையால் எழுதிய தொடர்ச்சிக்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

"தம்பி, எங்களை நிப்பாட்டேல்லையாம். கடைசிக் கடுதாசியில திகதி முடிஞ்சுதாம். காசு வந்தால் கோல் எடுப்பினமாம்" என்றார். நான் கேட்டதற்குப் பதில் சொல்லும்போது முழங்காலை நீவிக்கொண்டே இருந்தார். ஒரு மீற்றர் அளவு அகலமான ஒழுங்கைக்குள், கொதிக்கும் மண்ணில், ஜொனி, பி4 வகை மிதிவெடிகள் புதைந்த நிலத்தை விறாண்டியால் வருடக்கணக்காகச் சுரண்டிய முழங்கால். வெடித்துச் சிதறியிருந்தால் காப்புறுதி இருந்திருக்கும். தேய்ந்த முழங்காலுக்கு எந்தப் படிவத்திலும் இடமில்லை.

இங்கே சட்டம் என்ன சொல்கிறது? இலங்கையில் ஆட்குறைப்பைக் கட்டுப்படுத்துவது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, வேலையாட்களின் தொழிலை முடிவுறுத்தல் சட்டம். ஒழுக்காற்று நடவடிக்கை தவிர்ந்த எந்தக் காரணத்துக்காகவும் ஒருவரின் வேலையை முடிப்பதானால், அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். அனுமதி கொடுக்கும்போது எவ்வளவு நட்டஈடு என்பதற்கு 2005இல் வர்த்தமானியில் ஒரு கணக்கு முறை வந்தது. முதல் 5 வருடத்துக்கு வருடமொன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். ஆறாவதிலிருந்து பதினான்காவது வருடம் வரை இரண்டு மாதச் சம்பளம். அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். மொத்தம் 48 மாதச் சம்பளத்தைத் தாண்டாது. பணத் தொகைக்கான உச்சவரம்பு 2021இல் 25 இலட்சமாக்கப்பட்டது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 50,000 ரூபா சம்பளத்தில் 10 வருடம் வேலை செய்த ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். ஆட்குறைப்பு என்று ஏற்றுக்கொண்டால் அவருக்கு இருபத்திரண்டரை மாதச் சம்பளம், அதாவது 1,125,000 ரூபா. "ஒப்பந்தம் முடிந்தது" என்று ஏற்றுக்கொண்டால் இதில் ஒரு சதமும் இல்லை. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், 10 வருடத்துக்கு 250,000 ரூபா, அவ்வளவுதான். அதுகூடக் குறைந்தது 5 வருடச் சேவை இருந்தால்தான். இடைவெளிக் கிழமைகளைக் காட்டி ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் தனிச் சேவையாக எண்ணினால் அதுவும் கையை விட்டுப் போகும். பேச்சளவில் சின்னதாகத் தோன்றும் வேறுபாடு ஒரு குடும்பத்துக்குப் பல இலட்சம் ரூபா வித்தியாசம். துணுக்காயில் அந்தத் தொகைக்கு ஒரு கடை போடலாம், மாட்டுப் பட்டி ஒன்று வைக்கலாம், லீசிங் காசைக் கட்டி முடித்து முச்சக்கரவண்டியைச் சொந்தமாக்கலாம்.

"அந்தச் சட்டம் வேலையால் நிற்பாட்டினால்தான் பொருந்தும், காலம் முடிந்தால் பொருந்தாது" என்று நிர்வாகங்கள் சொல்லும். சட்டத்தின் 2ஆம் பிரிவை முழுக்க வாசிக்க வேண்டும். வேலை முடிவுறுத்தல் என்பதற்குள், தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வேலையாளுக்கு வேலை கொடாமல் விடுவதையும், தொழிலை மூடுவதால் வேலை கொடாமல் விடுவதையும் அந்தப் பிரிவு சேர்க்கிறது. 1971இல் இதை எழுதியவர்கள் முதலாளிமார் கண்டுபிடிக்கக்கூடிய வழிகளை ஓரளவு யோசித்திருக்கிறார்கள். மறுபடி மறுபடி புதுப்பித்து, "கோல் எடுப்பம்" என்ற நம்பிக்கையைக் கொடுத்து, பிறகு கோல் எடுக்காமல் விடுவது வேலை கொடாமல் விடுவதல்லாமல் வேறென்ன? உண்மையான குறுகிய கால ஒப்பந்தத்தை நான் இதற்குள் இழுக்கவில்லை. பெயரளவில் குறுகிய காலமாகவும் நடப்பில் நிரந்தரமாகவும் இருந்த வேலையைத்தான் சொல்கிறேன்.

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்கு அது பொருந்தாது. பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்யாதவருக்குப் பொருந்தாது. துணுக்காய், மாந்தை கிழக்குப் பக்கத்தில் தனியார் கடை, ஆலை, பட்டறை எதை எடுத்தாலும் 15 பேர் இருப்பது அபூர்வம். ஆகவே இந்தப் பகுதியில் அந்தச் சட்டத்தின் நிழல் விழக்கூடிய மிகச் சில பெரிய தொழில்தருநர்களில் மிதிவெடி அகற்றும் அமைப்புகள் அடங்கும். ஆனால் சட்டம் அட்டவணையில் உள்ள தொழில்களுக்குத்தான் பொருந்தும்: சம்பளச் சபை உள்ள தொழில், கடையும் அலுவலகமும், தொழிற்சாலை. முகமாலையின் மிதிவெடி வெளி இதில் எது? கடையுமல்ல, கந்தோருமல்ல, தொழிற்சாலையுமல்ல. வன்னியில் ஆயிரக்கணக்கானோர் போய்வந்த ஒரு தொழிலுக்கு நாட்டின் தொழிற்சட்ட அட்டவணையில் தனக்கென்று ஒரு வரி கிடையாது. போர் முடிந்து இத்தனை வருடமாகியும் தொழில் அமைச்சு அந்த வரியை எழுதவில்லை.

2023இல் அப்போதைய தொழில் அமைச்சர் மனுஷ நாணயக்கார தொழிற்சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே சட்டமாக்கப் போவதாகச் சொன்னபோது தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தில் கைவைக்கக் கூடாது என்பது அவர்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்று. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஆனால் வேலியைக் காவல் காத்தவர்கள், வேலிக்கு வெளியே நின்ற பயிரை எண்ணிப் பார்க்கவில்லை. 15 என்ற எல்லையைக் குறை, அட்டவணையைத் திற, தொடர் ஒப்பந்தத்துக்கு வரம்பு வை என்பவற்றையும் அதே குரலில், அதே வேகத்தோடு அவர்கள் கேட்டிருக்க வேண்டும். வன்னித் தொழிலாளிக்கு அந்தப் போராட்டத்தால் காப்பாற்றப்பட்டது என்ன என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முதலாளிமார் தரப்பின் பழைய வாதம் ஒன்றும் உண்டு. சட்டம் அளவுக்கு மீறிக் கடுமையாக இருப்பதால்தான் நிறுவனங்கள் ஒப்பந்த ஆட்களை நாடுகின்றன என்பது அது. அதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் அதிலிருந்து வரும் முடிவு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அளவான ஒரு நட்டஈட்டை உறுதிப்படுத்து என்பதாக இருக்க வேண்டும். அவருக்கு ஒன்றுமில்லை என்பதாக இருக்கக் கூடாது.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாள்கின்றன? பிரித்தானியாவில் குறித்த கால ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிவதே சட்டப்படி வேலைநீக்கம். இரண்டு வருடத் தொடர்ச்சியான சேவை இருந்தால் ஆட்குறைப்புக் கொடுப்பனவுக்கு உரித்து உண்டு. வேலை தற்காலிகமாக இல்லாமல் போன இடைவெளி அந்தத் தொடர்ச்சியை அறுப்பதில்லை. 2002ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி நான்கு வருடம் அடுத்தடுத்து ஒப்பந்தத்தில் வைத்திருந்தால், தக்க காரணம் காட்டினாலொழிய அவர் நிரந்தர ஊழியர். ஹலோவின் தலைமையகம் ஸ்கொட்லாந்தில். மக்கின் தலைமையகம் மஞ்செஸ்டரில். அங்கே கணக்கெழுதும் ஊழியருக்குச் சட்டம் தரும் அந்தப் பாதுகாப்பு, இங்கே வெயிலில் முழங்காலிடும் ஊழியருக்கு ஏன் இருக்கக் கூடாது என்று கேட்பதற்குப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை. உள்நாட்டுச் சட்டம் கேட்கவில்லை என்பது ஒரு பதில்தான். உயிர்காக்கும் பணி என்று உலகத்திடம் நிதி கேட்கும் துறை சொல்லக்கூடிய பதில் அதுவல்ல.

இந்தியா 1984இல் எதிர்த்திசையில் போனது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போவது ஆட்குறைப்பல்ல என்று கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அதே இந்தியா, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறித்த கால ஊழியருக்கு ஐந்து வருடம் காத்திராமல் ஒரு வருடச் சேவையோடேயே பணிக்கொடைக்கு இடம் வைத்திருக்கிறது. சர்வதேச தொழில் அமைப்பின் 158ஆம் சமவாயமும், வேலைநீக்கப் பாதுகாப்பிலிருந்து தப்புவதற்காகக் குறித்த கால ஒப்பந்தம் எழுதப்படுவதைத் தடுக்க ஏற்பாடு வேண்டும் என்கிறது. இலங்கை அதை ஏற்று உறுதிப்படுத்தவில்லை.

இனி, "நிதி நின்றால் நாங்கள் என்ன செய்வது" என்ற நியாயத்துக்கு வருவோம். இதைத்தான் நான் எந்த விதத்திலும் ஏற்க முடியாதவனாக இருக்கிறேன். ஆட்குறைப்பு வழமையாக எதிர்பாராமல் வரும். ஓடர் நின்றுவிடும், ஆலை எரிந்துவிடும், நாணயம் சரிந்துவிடும். பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஒட்டுசுட்டான் ஓட்டுத் தொழிற்சாலையும் யுத்தத்தில் மூடியபோது முன்கூட்டிக் கணக்குப் போட யாராலும் முடிந்திருக்காது. மிதிவெடி வேலை அப்படியல்ல. இலங்கை 2017 டிசம்பரில், மிதிவெடியைத் தடைசெய்யும் ஒட்டாவா சமவாயத்தில் இணைந்தது. 2018 ஜூன் 1 முதல் அது இந்த நாட்டைக் கட்டுப்படுத்துகிறது. பத்து வருடத்தில், 2028 ஜூன் 1க்குள், மிதிவெடி முழுவதையும் அகற்ற வேண்டும். 2023 முதல் 2027 வரைக்கான தேசியத் திட்டம் இந்தத் திகதியை வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. இந்த நாட்டின் வரலாற்றில் இவ்வளவு முன்கூட்டி, ஒரு சர்வதேச உடன்படிக்கையில் நாள் குறித்து அறிவிக்கப்பட்ட ஆட்குறைப்பு வேறு இருந்ததாக நான் நினைக்கவில்லை. பத்து வருடம் முன்பே தெரிந்த செலவுக்கு நிதி ஒதுக்கவில்லை என்றால், ஒதுக்க நினைக்கவில்லை என்பதே பொருள்.

முன்னனுபவமும் இல்லாமலில்லை. 2010ஐ ஒட்டிய வருடங்களில் வன்னியில் டனிஷ் கண்ணிவெடி அகற்றல் குழு, சுவிஸ் அமைப்பான எஃப்.எஸ்.டி., இந்தியாவின் ஹொரைசன், சர்வத்ரா என்று பல அமைப்புகள் வேலை செய்தன. நிதி குறைய அவை போயின. அந்த நேரத்தில் வேலையிழந்தவர்களில் சிலர் மற்ற அமைப்புகளில் சேர்ந்துகொண்டார்கள், மற்றவர்கள் கூலிவேலைக்குத் திரும்பினார்கள். அப்போதே பாடம் படித்திருக்கலாம். 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை 90 நாளுக்கு நிறுத்தியபோது அந்த நிதியில் ஓடிய மிதிவெடி அகற்றல் வேலைகள் உலகெங்கும் ஒரே கிழமையில் தடைப்பட்டன. வோஷிங்டனில் ஒரு கையெழுத்து ஒரு கிராமத்தின் சம்பளத்தை நிறுத்தக்கூடிய ஏற்பாட்டில், அந்த அபாயம் முழுவதையும் மிகக் குறைந்த சம்பளக்காரரின் தலையில் வைத்திருக்கிறோம். நன்கொடை நாடு சுமக்கவில்லை, நிறுவனம் சுமக்கவில்லை, அரசும் சுமக்கவில்லை. குறித்த கால ஒப்பந்தம் செய்கிற வேலை அதுதான்.

"தொழில் மாற்றப் பயிற்சி கொடுக்கிறோம்" என்பது கடைசியாக முன்வைக்கப்படும் சமாதானம். தையல், கோழி வளர்ப்பு, சாரதிப் பயிற்சி, சிறுவியாபாரம். பயிற்சி நல்லது, யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அது நிறுவனத்தின் விருப்பப்படி, நிதி இருந்தால், தெரிவுசெய்யப்பட்டவருக்குக் கொடுக்கப்படுவது. நட்டஈடு கேட்டுப் பெறும் உரித்து. ஒன்றை மற்றதற்கு ஈடாக வைக்க முடியாது. அதோடு யார் எங்கே மாறப் போகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். 2010இல் இருபத்தைந்து வயதில் சேர்ந்தவருக்கு இன்று நாற்பது கடந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல்நகர் ஆடைத் தொழிற்சாலைகள் தேடுவது இளம் கைகளை. வயல்வேலை வருடத்தில் சில மாதம். வெளிநாட்டு வீட்டுவேலைக்குப் போக, பிள்ளைகளை யாரிடம் விடுவது? தையல் மெசின் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுப் படமெடுப்பதால், மல்லாவிச் சந்தியில் இன்னொரு தையல்காரருக்கு வேலை இருக்கிறதா என்ற கேள்வி தீர்ந்துவிடாது.

இலங்கையில் வேலையற்றோர் காப்புறுதி கிடையாது. சேமலாப நிதி முழுவதையும் எடுக்க, பெண்ணானால் 50 வயது, ஆணானால் 55 வயது வரவேண்டும். பத்து வருடம் கட்டியவர், கணக்கில் மூன்று இலட்சம் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதத்தை முன்கூட்டி எடுக்கலாம். பசிக்கு எடுக்க முடியாது. நம்பிக்கைப் பொறுப்பு நிதியை வேலை விட்டபின் எடுக்கலாம், ஆனால் அது மாதச் சம்பளத்தின் 3 வீதம் சேர்ந்த சின்னத் தொகை. அதே நேரம் மாதச் சம்பளத்தை நம்பி எடுத்த லீசிங்கும் நுண்கடனும் அடுத்த மாதமே வாசலில் நிற்கும். சம்பளச் சிட்டையைப் பார்த்துத்தானே கடன் கொடுத்தார்கள்? கடன் கொடுத்தவருக்கு நிரந்தர வேலையாகத் தெரிந்தது, வேலை கொடுத்தவருக்கு மட்டும் தற்காலிகமாகத் தெரிகிறது.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமல்ல. 2028 ஜூனுக்கு முன் எழுதப்படும் ஒவ்வொரு நிதி உடன்படிக்கையிலும் வேலை முடிவுக் கொடுப்பனவுக்கென்று தனித் தொகை இருக்க வேண்டும். வாகனத்துக்கும் எரிபொருளுக்கும் கண்டறி கருவிக்கும் வரவுசெலவில் வரி இருக்கும்போது மனிதருக்கும் ஒரு வரி இருக்கட்டும். நன்கொடை தரும் ஜப்பானும் பிரித்தானியாவும் நோர்வேயும் இதை நிதியிலிருந்து வெட்டச் சொல்ல மாட்டா என்றே நம்புகிறேன். கேட்டால்தானே தெரியும்? தேசிய கண்ணிவெடி நடவடிக்கை நிலையம் கேட்க வேண்டும், மாவட்டத்தின் பாராளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும். தொழில் அமைச்சு இந்தத் தொழிலை அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும். இரண்டு வருடத்துக்கு மேல் அடுத்தடுத்து ஒப்பந்தத்தில் இருந்தவரின் சேவை, இடைவெளிகளைக் கடந்து, ஒரே சேவையாக எண்ணப்பட வேண்டும்.

இவை நடக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வேலை நின்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம். தொழில் நியாய சபைக்குப் போவதற்கும் அதே ஆறு மாதம்தான் தவணை. காலம் கடந்தால் எவ்வளவு நியாயமான வழக்கும் வாசலிலேயே நின்றுவிடும். ஆகவே கடைசி ஒப்பந்தத்தின் முடிவுத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள், "கோல் எடுப்பம்" என்ற சொல்லை நம்பி அந்த ஆறு மாதத்தைக் கழிக்காதீர்கள். எல்லா ஒப்பந்தங்களின் பிரதி, பி அட்டை, சம்பளம் விழுந்த வங்கிப் புத்தகம், அணியின் பெயரும் மேற்பார்வையாளரின் பெயரும் உள்ள ஏதாவதொரு கடதாசி ஆகியவற்றைச் சேர்த்து, ஒரே அணியில் இருந்தவர்கள் கூட்டாகக் கொடுங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். கொடுத்த கையோடு திகதி முத்திரை குத்திய பிரதி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.